தள்ளுபடியான தாள்

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை.
மற்ற நாள்களில் லூயிவில் நகரத்தின்
பதினெட்டாம் எண் பேருந்து என் கையில்.
ஆவணக் காப்பகத்தில் படச்சுருளைச் சுற்றுகிற கைப்பிடியும்
ஸ்டியரிங் மாதிரியேதான்.
கொஞ்சம் அசந்தால்
ஐம்பது வருஷம் தாண்டிப் போய்விடும்.

கோப்பின் மேல் இருப்பது என் குடும்பப் பெயர்.
அவர்களுடைய பெயர்தான்;
காட்டுவழியில் நடந்தவன் வேட்டியில் நாயுருவி போல
எங்கள்மேல் ஒட்டிக்கொண்டது.

பிரட்சர், லெமுவல். எல்லைப்புறப் படை, சிப்பாய்.
இறந்துவிட்டார்.
விதவை கெசையா, வயது எழுபத்தாறு.
கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி,
ஒரு கால் மட்டும் நீண்டு.

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தேழு, மார்ச்.
கிரீன் நதிக்கரையில் ஒரு நீதிமன்றம்.
அவள் சொல்லச் சொல்ல யாரோ எழுதுகிறார்:

"என் புருஷன் மூன்று தவணை சேவகம் செய்தார்.
முதல் தவணை கோட்டைக் காவல்.
அடுத்ததில் ஆற்றுக்கு வடக்கே போய்
ஷானி மக்களின் சோளக்கொல்லைகளை எரித்தார்கள்.
எரித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்றாம்,
அவ்வளவு சோளம்.
திரும்பி வந்தவர் ஒரு வாரம்
சோளக்கூழைத் தொடவில்லை.
மூன்றாவதில் கால்விரல் ஒன்று பனிக்குப் போயிற்று."

கடைசிச் சேவகத்துக்கு முன்பே மணந்தீர்கள்
என்பதற்கு என்ன சாட்சி?

"பைபிளில் எழுதிவைத்த பக்கத்தை எலி தின்றுவிட்டது.
பாதிரியார் ஆற்றோடு போய்விட்டார்.
அன்று கோட்டைக்குள் இருந்தவர்களில்
மிச்சம் நானும் மிங்கோவும்தான்.
மிங்கோ, என் மைத்துனர் வீட்டு அடிமை.
முற்றுகையின்போது ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போனவன்.
கல்யாணத்தன்று மழை, இருட்டு.
பாதிரியாருக்கு எழுத்துத் தெரியவில்லை.
பைன் கட்டைப் பந்தத்தைப் புத்தகத்துக்கு நேரே
அவன்தான் பிடித்துக்கொண்டு நின்றான்.
பிசின் உருகி மணிக்கட்டில் சொட்டியது.
கையை அசைக்கவில்லை.
தழும்பு இன்னும் இருக்கிறது,
வேண்டுமானால் அவனை வரச்சொல்லிப் பாருங்கள்."

ஓரத்தில் வேறு மசி, வேறு கை,
வாஷிங்டனின் அவசரச் சாய்வெழுத்து:
அடிமையின் சாட்சி ஏற்பதற்கில்லை.
திருத்தி அனுப்பவும்.

ஏழு மாதம் கழித்து இன்னொரு வாக்குமூலம்.
அதே கோட்டை, அதே மழை,
நீண்ட காலுள்ள அதே பெருக்கல் குறி.
"பந்தம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது."
யார் கையிலும் இல்லாமல்
அந்தரத்தில்.

ஒபதாயா ஸ்காக்ஸ் என்கிற விவசாயி சத்தியம் செய்கிறார்,
இருவரும் கணவன் மனைவி என்று
தன் தாய் சொல்லக் கேட்டதாக.
அந்த மழைக்கு ஆறு வருஷம் பிந்திப் பிறந்தவர்.
அவர் சொல் செல்லுபடியாயிற்று.
ஆண்டுக்கு நாற்பத்து மூன்று டாலர்,
முப்பத்து மூன்று சென்ட்.

கெசையாவோடு சண்டை போடத் தயாராகத்தான்
நாற்காலியை முன்னுக்கு இழுத்தேன்.
வாய்க்குள் வந்த வார்த்தை வெளியே வரவில்லை.
வரிப்பட்டியலில் அவர் ஒரு கோடு, பதினாறுக்கு மேல், ஆண்.
உயிலில், பசுமாட்டுக்கும் இரும்புச் சட்டிக்கும் நடுவே,
"கிழட்டு ஆள், விலை இல்லை."
பெயரும் மணிக்கட்டும் இருப்பது
இந்த ஒரு தாளில்தான்.
அவளுக்குப் பணம் வேண்டியிருந்தது, அழித்தாள்.
அதற்கு முன்
உண்மை சொன்னால் போதும் என்று
ஒரு தடவை நம்பியிருக்கிறாள்.

ஊற்றுக்கும் கோட்டைக்கும் அவர் ஓடிய நாள்களை
எந்தத் தவணையில் சேர்ப்பது?
என் ஓய்வூதியப் படிவத்தில்கூட
இருபத்திரண்டு வருஷம் நான்கு மாதம் என்று
மாதம் பிசகாமல் இருக்கிறது.

பிரதி எடுக்கும் பையன் எட்டிப் பார்த்தான்.
"மேடம், இது தள்ளுபடியானது.
ஏற்றுக்கொண்டது அடுத்த பக்கம்."

இதுதான் வேண்டும் என்றேன்.
ஐம்பது சென்ட்.
சில்லறையாகவே இருந்தது.